அடிப்பிடித்த அண்டா

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எங்கள் மலையில் யாரும் வீட்டில் உலை வைப்பதில்லை. சபை சமைக்கும், ஊர் தின்னும். சபை சமைக்கும் என்று சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். சமைப்பது தாங்லுரா.

ஆள் குட்டை, நல்ல அகலம். அடுப்புப் புகை குடித்துக் குடித்து முகம் கருத்துப்போய், கண் மட்டும் குறும்பாக மின்னும். சனிக்கிழமை காலையில் பன்றி அறுத்து, சாலையோரம் பலகை போட்டுக் கூறுகட்டி விற்பது அவர் தொழில். மற்ற நாட்களில் இஞ்சி கொத்துவார், விறகு பிளப்பார், வாய் பேசுவார். இதில் வாய் பேசுவதுதான் முழுநேர வேலை. தாங்லுராவிடம் கறி வாங்கப் போனால் கறியோடு ஒரு கிண்டலையும் கட்டிக்கொண்டுதான் வீடு திரும்ப வேண்டும்.

இப்படிப்பட்ட ஆள் வேதம் படிக்காதவர் என்று நினைத்தால் அது தப்பு. தினமும் படிப்பார், விடாமல் படிப்பார். என்ன கஷ்டம் என்றால், சமையல்காரன் கண்ணோடு படிப்பார். எங்கள் ஊரில் ஞாயிறு பள்ளி சின்னப்பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை. நரைத்த தலைகளும் பெஞ்சில் உட்கார்ந்து பாடம் படித்துப் பரீட்சை எழுதும். அந்தப் பெரியவர்கள் வகுப்பில் தாங்லுரா வாய் திறந்தாலே பாடம் நடத்துகிறவர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

கெட்டுப்போன இளைய மகன் திரும்பி வந்த கதையை ஒருநாள் உருக்கமாக நடத்திக்கொண்டிருந்தார்கள். பின் பெஞ்சில் இரண்டு பேர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். தாங்லுரா கையைத் தூக்கினார்.

"அப்பன் மகனக் கட்டிப்பிடிச்சு அழுதுக்கிட்டு நிக்கிறான். மூத்தவன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு வெளிய நிக்கிறான். இளையவன் புதுச்சட்ட போட்டுப் பாக்குறான். எல்லாம் சரி. அந்தக் கொழுத்த கன்னுக்குட்டிய யாருய்யா சமைச்சது? அது தானா வெந்துச்சா?"

பிசாசு பிடித்த பன்றிக்கூட்டம் மலையிலிருந்து கடலில் விழுந்து செத்த பகுதி வந்தபோது கிண்டலே பண்ணவில்லை. உண்மையாகவே கலங்கிப்போனார். "பிசாசு போனது நல்லதுதான், இல்லேங்கல. ஆனா ரெண்டாயிரம் பன்னி! ஒரு தொடைக்கறிகூட ஒருத்தன் வாயிலயும் படல. அத மேய்ச்சவன் பொண்டாட்டிகிட்ட அன்னிக்கு என்ன பதில் சொல்லியிருப்பான்?" வகுப்பில் பாதிப்பேர் அந்த மேய்ச்சல்காரனுக்காக உச்சுக்கொட்டினார்கள். நாங்கள் பன்றி வளர்க்கிற ஜனங்கள், என்ன செய்வது?

சபையை நடத்துகிற மூப்பர்களையும் அவர் விட்டுவைத்ததில்லை. விருந்தன்று கறி வேகும்போது "உப்பு சரியா இருக்கான்னு பாக்கலாமேன்னு வந்தேன்" என்று அண்டாப் பக்கம் ஒவ்வொருவராக நழுவி வருவார்கள். அவர்களுக்கு அவர் வைத்த பெயர் ஏலியின் மகன்கள். பலி இறைச்சி வேகிறபோதே முட்கரண்டியை விட்டுத் தூக்கிக்கொண்டு போனார்களே, ஆசாரியன் பிள்ளைகள், அவர்கள்தான். "ஏலியோட மூத்த புள்ள வந்திருக்காரு, ஒரு ஈரல் துண்டு எடுத்து வைங்கடா" என்பார். வாங்கித் தின்கிறவர் முகம் ஒருமாதிரி போகும். தின்னாமல் போனவர் மட்டும் யாரும் கிடையாது.

அவர் மனைவி தர்துவாமி, சுருக்கமாகத் துவாமி, இதற்கெல்லாம் நேரெதிர். துவாமி பாடினால் கோயில் கூரை அதிரும். மத்தளம் சூடுபிடித்துவிட்டால் முதலில் எழுந்து ஆடுகிறவள் அவள்தான். பிரசங்க மேடைக்கு முன்னால் இருக்கிற இடத்தில் கைகளைத் தூக்கி, கண்ணை மூடி, வட்டமாக மெல்ல அடியெடுத்து வைத்து ஆடுகிறவர்களுக்குள் ஆவியானவர் இறங்கியிருக்கிறார் என்பது எங்கள் நம்பிக்கை. ஊரில் ஏறக்குறைய எல்லாரும் என்றைக்காவது ஒருநாள் ஆடியவர்கள்தான். தாங்லுரா மட்டும் ஆடியதே இல்லை.

"எனக்கு ஞானஸ்நானம் குடுத்தப்போ தலையில மட்டும்தான் தண்ணி தெளிச்சாங்க. காலு ரெண்டும் இன்னும் அஞ்ஞானிதான்" என்பார் கேட்டவர்களிடம்.

துவாமிக்கு இது சிரிப்பாக இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு ஒரே ஜெபம். மகள் ஸோவி பிறந்து, வளர்ந்து, கட்டிக்கொடுத்து, அவளுக்கும் பிள்ளை பிறந்துவிட்டது. ஜெபம் மட்டும் மாறவில்லை. ஆண்டவரே, இந்த மனுஷனை ஒருநாள், ஒரே ஒருநாள், தொடும். சத்தமாகவே ஜெபிப்பாள். பக்கத்தில் படுத்திருக்கிற மனுஷனுக்கும் கேட்கட்டும் என்றுதான்.

இப்படியிருக்கையில் ஊருக்குப் புதிதாக வந்து சேர்ந்தார் பாஸ்டர் ரெம்ருவாத்தா. இளைஞர், நல்ல மனுஷர், கொஞ்சம் அவசரக்காரர். கிறிஸ்துமஸுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது மார்த்தாள், மரியாள் பகுதியை எடுத்துப் பிரசங்கம் செய்தார். மரியாள் ஆண்டவர் காலடியில் உட்கார்ந்து கேட்டாள், மார்த்தாள் அடுப்படியில் அல்லாடினாள், ஆண்டவர் மெச்சியது மரியாளை. அதுவரைக்கும் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். பிரசங்கத்தை முடிக்கிற இடத்தில் ஒரு அறிவிப்பைச் செருகிவிட்டார். இந்த வருஷம் விருந்தன்று சமையல்காரர்கள் உட்பட எல்லாரும் ஆராதனையில் உட்கார வேண்டும். அடுப்பைத் தணித்து, அண்டாவை மூடிவிட்டு வர வேண்டும். வேதம் முதலில், கறி அப்புறம்.

ஆராதனை முடிந்ததும் தாங்லுரா நேரே அவரிடம் போனார். கூடவே அவருக்கு விறகு தள்ளிக் கொடுக்கிற மிங்லியானாவும் வேடிக்கை பார்க்கப் போனான்.

"பாஸ்டர், ஒரு சந்தேகம். மார்த்தாள் சமைச்சத ஆண்டவர் சாப்பிட்டாரா, இல்லையா?"

"அது வேதத்துல எழுதலையே, ஐயா."

"எழுதலேன்னா சாப்பிட்டாருன்னுதான் அர்த்தம். சாப்பிடாம எந்திரிச்சுப் போயிருந்தா இந்தக் கதைய எழுதுன லூக்கா விடாம எழுதியிருப்பாரு. அவரு டாக்டராச்சே."

பாஸ்டருக்கு உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு சொன்னார்: "நீங்க நல்லா பேசுறீங்க ஐயா. ஆனா நான் விசாரிச்சுட்டேன். இத்தன வருஷத்துல ஒரு விருந்து ஆராதனையிலகூட நீங்க முழுசா உக்காந்ததில்ல. பாட்டு ஆரம்பிச்சா அண்டா, ஜெபம் ஆரம்பிச்சா அண்டா. எனக்கு என்னமோ நீங்க ஊழியம் செய்யிறதாத் தோணல. அண்டாவுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிறீங்க."

தாங்லுராவுக்குப் பதில் வரவில்லை. அவருக்குப் பதில் வராததை மிங்லியானா அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தானாம்.

"ஆசீர்வாதம் சொல்லி முடிக்கிறதுக்கு முன்னால எந்திரிச்சுப் போற சமையல்காரர் யாரா இருந்தாலும், அடுத்த வருஷத்துலருந்து துடுப்பத் தொடக்கூடாது. மூப்பர்களும் ஒத்துக்கிட்டாங்க" என்று சொல்லிவிட்டு பாஸ்டர் போய்விட்டார்.

துடுப்பு என்றால் அண்டாவைக் கிண்டுகிற அந்த நீளமான மரத்துடுப்புதான். தாங்லுரா தன் கையால் செதுக்கியது. பிடி அவர் உள்ளங்கைக்குத் தக்கபடி தேய்ந்திருக்கும். ஊரில் அவருக்கு ஒரு மரியாதை உண்டென்றால் அது அந்தத் துடுப்பு கையில் இருக்கிற அன்றைக்குத்தான். அது போய்விட்டால் மிச்சம் சனிக்கிழமைக் கறிக்காரன், அவ்வளவுதான். ஆனால் துடுப்பைவிட அந்த ஒரு சொல்தான் அவரைக் குடைந்தது. ஒளிஞ்சுக்கிறீங்க. இஞ்சி கொத்தும்போது குடைந்தது, பன்றி அறுக்கும்போது குடைந்தது. இத்தனை வருஷம் அடுப்படியில் வெந்ததை ஆண்டவர் ஊழியம் என்று எடுத்துக்கொண்டாரா, இல்லை, ஆராதனைக்கு வராதவன் என்று ஒதுக்கிவிட்டாரா? சே, என்ன பிழைப்பு இது என்று கத்தியைப் பலகையில் ஓங்கிக் குத்தினார். கறி வாங்க நின்ற அம்மா ஓரடி பின்னால் போய்விட்டாள்.

விருந்து நாளும் வந்தது. பக்கத்து மலைகளிலிருந்து மூன்று ஊர்க்காரர்கள் விருந்தாளிகள். விடிந்ததும் பன்றிகளை அறுத்து, இஞ்சியும் மிளகாயும் தட்டிப் போட்டு, அண்டாக்களை ஏற்றியாகிவிட்டது. கோயில் மணி அடிக்கும்போது கறி பாதி வெந்திருந்தது. தாங்லுரா ஈர விறகாகப் பார்த்து அடியில் தள்ளி, தீயை அமுக்கி, மூடி மேல் கல்லை வைத்து, அண்டாக்களைப் பார்த்து, "ஒழுங்கா இருங்க, வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கோயிலுக்கு இரண்டு வழி. பின்பக்கம் பெரிய கதவு. அங்கே மூப்பர் சுங்கா நாற்காலி போட்டுக் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். ஏலியின் மகன் என்று பெயர் வாங்கினவர்களில் அவர் முதன்மையானவர், கணக்குத் தீர்க்க நாள் பார்த்துக்கொண்டிருந்தவர். இன்னொன்று முன்பக்கம், மத்தளத்துக்குப் பக்கத்தில், சமையல் கொட்டகைக்குப் போகிற சின்னக் கதவு. கூட்டத்தில் வெக்கை தாங்காமல் அதைத் திறந்து வைத்திருந்தார்கள்.

பாஸ்டர் மேய்ப்பர்களைப் பற்றிப் பேசினார். தூதன் சொன்னதும் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டுப் பெத்லகேமுக்கு ஓடினார்கள் என்றார். தாங்லுரா நடுப் பெஞ்சில் நெளிந்தார். எல்லாவற்றையும் என்றால்? ஆட்டை யார் பார்த்துக்கொண்டது? ஓநாய்க்குக் கிறிஸ்துமஸ் தெரியுமா? லூக்கா இதையும் எழுதாமல் விட்டுவிட்டாரே என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது.

பிரசங்கம் சொன்ன நேரத்துக்குத்தான் முடிந்தது. பாஸ்டர் மேல் குற்றமே சொல்ல முடியாது. ஒரே ஒரு பாட்டு, பிறகு ஆசீர்வாதம் என்றார். அங்கேதான் அவர் ஊருக்குப் புதிது என்பது தெரிந்தது. எங்கள் ஊரில் ஒரே ஒரு பாட்டு என்பது கிடையாது. மத்தளக்காரன் கை சூடேறிவிட்டால் பாட்டின் கடைசி வரி திரும்பத் திரும்ப வரும். ஆடுகிறவர்கள் எழுந்துவிட்டால் தாங்களாக உட்காரும்வரை நிறுத்தச் சொல்ல யாருக்கும் வாய் வராது, பாஸ்டருக்குக்கூட. துவாமி எழுந்தாள். அவளுக்குப் பின்னால் பத்துப் பேர், இருபது பேர். விருந்தாளி ஊர்க்காரர்களும் எழுந்துவிட்டார்கள். பாஸ்டர் ஆசீர்வாதத்துக்குத் தூக்கின கையை மெல்லக் கீழே இறக்கினார்.

அப்போதுதான் மலைக்காற்று திரும்பியது. சின்னக் கதவு வழியாக வாசனை வந்தது. வெந்த கறி வாசனை ஒரு மாதிரி, கொழுப்பு உருகுகிற வாசனை வேறு மாதிரி. தண்ணீர் சுண்டி அடி காயப்போகிற வாசனை தனி. மூன்றாவதுதான் தாங்லுராவின் மூக்கில் ஏறியது. ஈர விறகு காய்ந்துவிட்டது, காற்று தீயை ஊதிவிட்டது. அவர் திரும்பி மிங்லியானாவைப் பார்த்தார். மிங்லியானா கண்ணாலேயே, 'நான் மாட்டேம்பா' என்றான்.

எழுந்து போனால் துடுப்பு போய்விடும். உட்கார்ந்திருந்தால் மூன்று ஊர் விருந்தாளிகள் முன்னால் கறி கரியாகும். தாங்லுரா அந்த வட்டத்தைப் பார்த்தார். வட்டம் மேடையைத் தொட்டு, மத்தளத்தைத் தாண்டி, சின்னக் கதவை உரசிக்கொண்டு போய்த் திரும்பி வந்தது.

கையிரண்டையும் தூக்கினார். எழுந்தார். ஆடினார்.

 கோயிலுக்குள் எழுந்தது பாருங்கள் ஒரு சத்தம்! மத்தளக்காரன் அழுதுகொண்டே அடித்தான். துவாமி கண்ணைத் திறந்தவள், தன் புருஷன் தனக்கு முன்னால் ஆடிக்கொண்டு போவதைப் பார்த்து, தேம்பித் தேம்பி அவர் பின்னாலேயே ஆடினாள். தாங்லுராவின் அஞ்ஞானிக் கால்கள் முதலில் தடுமாறின. பிறகு மத்தளம் அவற்றைப் பிடித்துக்கொண்டது. கதவு பக்கத்தில் வந்தது. குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. அவர் தாண்டிப் போனார். கூட்டம் தள்ளிவிட்டது என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இன்னொரு சுற்று முழுசாகப் போய், மறுபடி கதவு வந்தபோது சட்டென்று கண் திறந்து, ஆடின வாக்கிலேயே வெளியே போய், கொட்டகைக்கு ஒரே ஓட்டமாக ஓடினார்.

ஆட்டம் அடங்கி, ஆசீர்வாதம் முடிந்து, ஊர் வெளியே வந்தபோது அண்டாக்கள் இறங்கியிருந்தன. ஒன்றில் மட்டும் கருகல் வாசனை. அதை யாரும் பேசவில்லை. எல்லாரும் தாங்லுராவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். மூப்பர் சுங்காகூடக் கட்டிப்பிடித்துவிட்டார்.

மைதானத்தில் வாழையிலை போட்டு, சோறு வைத்து, கறி வைத்தாகிவிட்டது. பாஸ்டர் ஜெபிக்க எழுந்தார். கண் கலங்கியிருந்தது.

"நான் ஒரு மனுஷரத் தப்பா எட போட்டுட்டேன். தாங்லுரா ஐயா ஆடிக்கிட்டே வெளிய போனது ஆவியானவர் கூட்டிக்கிட்டுப் போனது. அதுக்கு எந்தச் சட்டமும் கிடையாது. துடுப்பு அவருதுதான், அவரு உயிரோட இருக்கிற வரைக்கும். ஐயா, வந்து ஒரு வார்த்த சாட்சி சொல்லுங்க."

துவாமி முன்வரிசையில் முக்காடு நனைய உட்கார்ந்திருந்தாள். மகள் ஸோவி அவள் தோளைப் பிடித்திருந்தாள். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். துடுப்பு மிஞ்சும், மரியாதை மிஞ்சும், மனைவி ஜெபம் கேட்கப்பட்டதாகவே இருந்துவிட்டுப் போகும். தாங்லுரா வாயைத் திறந்தார். மூடினார். கையில் இருந்த துடுப்பைப் பார்த்தார். பலகையில் எடை குறைத்துக்கூட அவர் யாருக்கும் கறி போட்டதில்லை.

"கறி ஆறுது, அதனால சுருக்கமா முடிச்சுர்றேன்" என்றார். "ஆவியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அண்டா அடிப்பிடிக்கிற வாசன வந்துச்சு. பின்கதவுல சுங்கா உக்காந்திருக்காரு. வெளிய போக வேற வழி தெரியல, ஆடிட்டேன். நான் ஆடுனது கறிக்காக. ஆண்டவர் பேரச் சொல்லி ஊர ஏமாத்த எனக்குத் தைரியம் இல்ல. பாஸ்டர் சொன்ன சொல் சொன்னதுதான். இந்தாங்க."

துடுப்பை மிங்லியானாவின் கையில் திணித்தார். மிங்லியானாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டும் சேர்ந்து வந்தது. மைதானம் முழுக்கச் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. சுங்கா மட்டும் சிரிக்கவில்லை, கட்டிப்பிடித்ததை எப்படித் திரும்ப வாங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தார். பாஸ்டர் முகம் சிவந்துபோய் ரொம்பச் சின்னதாக ஒரு ஜெபம் செய்தார். ஆனாலும் மனுஷர் இரண்டாவது தடவை கறி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

பந்தி பாதியில் இருக்கும்போது துவாமி கொட்டகைக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. தாங்லுரா தணிந்துபோன அடுப்பைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார்.

"ரொம்ப நல்லா சொன்னீங்க சாட்சி."

"உள்ளதத்தானே சொன்னேன், ஸோவி அம்மா. நீ அழுவியேன்னு பொய்யா சொல்ல முடியும்?"

 அவள் காலியாகிக் கிடந்த அந்தக் கருகல் அண்டாவுக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். கரண்டியால் அடியைச் சுரண்டினாள். கறுப்பாகப் பொருக்குப் பெயர்ந்து வந்தது.

"இத்தன வருஷத்துல உங்க கையில எப்பவாச்சும் அடி பிடிச்சிருக்கா, ஸோவி அப்பா?"

"காத்து திரும்பிருச்சு."

"காத்து திரும்புன ஒடனே எந்திரிச்சுட்டீங்க. நான் உங்க பின்னாலதான் ஆடிக்கிட்டு வந்தேன். மொதத் தடவ கதவுகிட்ட வந்தீங்க. கதவு தெறந்து கெடந்துச்சு. ஒரு ஆளும் குறுக்க இல்ல, ஒருத்தரும் தள்ளல. கண்ண மூடிக்கிட்டு, மொகத்தச் சின்னப்புள்ள மாதிரி வச்சுக்கிட்டுத் தாண்டிப் போனீங்க." கரண்டியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "கறிக்காக ஆடுன மனுஷன் கறியத் தாண்டி எங்க போனாரு? அந்த ஒரு சுத்து யாருக்கு ஆடுனது?"

தாங்லுரா அடுப்பைக் கிளறினார். அதில் கிளற ஒன்றும் இல்லை, வெறும் சாம்பல். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "புகை" என்றார்.

"புகையா? தீயே அணைஞ்சுபோச்சு." துவாமி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்போ, ஊரக் கூட்டி வச்சுக்கிட்டு, சோத்துக்கு முன்னால நின்னு, பொய்ச்சாட்சி சொல்லியிருக்கீங்க."

"மெதுவாப் பேசுடி. பாஸ்டர் காதுல விழுந்துச்சுன்னா அடுத்த வருஷம் முன் பெஞ்சுல தூக்கி உக்கார வச்சிருவாரு."

"எப்படியும் அங்கதான் உக்காரப் போறீங்க. துடுப்பத்தான் தூக்கிக் குடுத்தாச்சே."

தாங்லுரா கையிலிருந்த குச்சியைச் சாம்பலில் போட்டார். துவாமி கரண்டியிலிருந்த கருகலை எடுத்து வாயில் போட்டு மென்றாள். அவர் ஓரக்கண்ணால் பார்த்தார்.

"கசக்குதா?"

"கசக்குது" என்றாள். மறுபடியும் அண்டாவுக்குள் கையை விட்டுச் சுரண்டினாள்.